கல்லூரி யாருடைய சொத்து?

காலையில் வேலைக்குப் போகிறீர்கள். ஆலைக் கதவில் ஒரு தாள் தொங்குகிறது. "நட்டம், மூடுகிறோம்!" அவ்வளவுதான். கணக்கைக் காட்டு என்றால் காட்டமாட்டான். பேசுவோம் வா என்றால் வரமாட்டான். தொழிலாளத் தோழர்களுக்கு இது புதிய கதையல்ல.

ஒரு கல்லூரிக்கும் இதே கதி நேர்ந்தது என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மலைச்சாரலில், பரந்த நிலத்தில் நிற்கிறது சுவீட் பிரையர் கல்லூரி. பெண்களுக்கான சிறிய கல்லூரி. படிப்போர் சில நூறு பேர்தான். 2015 மார்ச் 3-ஆம் நாள், கல்லூரித் தலைவர் எல்லோரையும் கூட்டி அறிவித்தார், இந்தக் கல்வியாண்டோடு கல்லூரி மூடப்படும் என்று!

கிராமத்திலுள்ள பெண்கள் கல்லூரியை நாடி வருவோர் குறைந்துவிட்டனர், இனி நடத்தப் பணமில்லை என்றார்கள். பணமில்லையா? எட்டுக் கோடி டாலருக்கு மேல் மூலதன நிதி இருந்தது! அதில் ஒரு பகுதியை விரும்பியபடி செலவிட முடியாது என்பது உண்மைதான். ஆனால், முடிவெடுக்கும் முன்னே, "ஆபத்து வந்திருக்கிறது, கை கொடுங்கள்" என்று படித்துப் போன மகளிரை அழைத்தார்களா? இல்லை. மூடிய அறைக்குள் முடிவெடுத்தார்கள். முடிந்த பிறகு செய்தி சொன்னார்கள்.

பொங்கி எழுந்தனர் முன்னாள் மாணவியர். அழுது அடங்கவில்லை. அணி திரண்டனர். ஊர் ஊராக நிதி திரட்டினர். அந்த மாவட்டத்து அரசு வழக்கறிஞர் நீதிமன்றம் ஏறினார். வழக்கு மாநில உச்சநீதிமன்றம் வரை போனது. மூன்றே மாதங்கள்! ஜூன் மாதத்தில் உடன்பாடு வந்தது. தலைவர் விலகினார். ஆட்சிக் குழுவில் பெரும்பாலோர் விலகினர். முன்னாள் மாணவியர் 1 கோடியே 20 லட்சம் டாலர் தருவதென ஒப்புக்கொண்டனர். சொன்னபடி தந்தும் முடித்தனர். ஆகஸ்டில் பூட்டப்பட இருந்த கல்லூரி, அதே ஆகஸ்டில் வகுப்புகளைத் தொடங்கியது.

வெற்றிதான். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை.

அந்த நிலம் ஒரு காலத்தில் அடிமைகள் உழைத்த பண்ணை. மகளை இழந்த தாய் ஒருத்தி, அவள் நினைவாகக் கல்லூரி எழுப்பும்படி உயில் எழுதி வைத்து, 1900-இல் மறைந்தாள். மறு ஆண்டே கல்லூரி அமைப்பு உருவானது. ஆனால் யாருக்காக? "வெள்ளை இனப் பெண்களுக்கு" என்றது உயில்! அடிமைகளின் வியர்வை விழுந்த மண்ணில், அவர்களின் பேத்திகளுக்கு இடமில்லை! 1966-இல்தான் முதல் கறுப்பின மாணவி அங்கே அடியெடுத்து வைத்தாள். 1967-இல் நீதிமன்றத் தீர்ப்பு அந்த நிறத்தடையை நீக்கியது. உயிலில் ஒரு சொல் செத்தது. கல்லூரி சாகவில்லை. வளர்ந்தது!

2024 ஆகஸ்டில் அதே உயில் மீண்டும் வெளியே வந்தது. பிறப்பில் பெண் எனக் குறிக்கப்பட்டு, பெண்ணாகவே வாழ்பவர் மட்டுமே சேரலாம் என்று நிர்வாகம் விதி வகுத்தது. திருநங்கையருக்குக் கதவு அடைபட்டது. உயில் எழுதிய நாளில் "பெண்" என்ற சொல்லுக்கு என்ன பொருளோ, அதுவே இன்றும் பொருள் என்றனர். அதை மீறினால் கல்லூரியின் சட்ட அடிப்படையே ஆடிவிடும் என்பது அவர்கள் வாதம்.

மாணவியர் எதிர்த்தனர். ஆசிரியர்கள் கூடி, விதியைத் திரும்பப் பெறுக என்றனர். பழைய மாணவியர் பலர், "இதற்காகவா கல்லூரியைக் காப்பாற்றினோம்?" என்று குமுறினர். இத்தனைக்கும் இப்போது தலைவராக இருப்பவர் அதே கல்லூரியில் படித்தவர்தான்! நம்மவர் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் போதும், நாம் தூங்கலாம் என்று எண்ணுவோருக்கு இது பாடம்.

உயில் எழுதிய நாளின் சொல்தான் அளவுகோல் என்றால், "வெள்ளை" என்ற சொல்லும் அன்று எழுதியதுதானே? அதை நீக்கியபோது இடிந்து விழாத கட்டடம், இப்போது மட்டும் விழுந்துவிடுமா?

செத்தவரின் உயில் மதிக்கத்தக்கது. ஆனால் உயிரோடு இருப்பவரின் கழுத்தில் அது கயிறாகக் கூடாது. நிர்வாகம் ஆளட்டும், ஆனால் சொல்லிவிட்டு ஆளட்டும், கேட்டுவிட்டு ஆளட்டும்! ஆபத்து வந்தால் "அள்ளிக் கொடு" என்பதும், ஆபத்து நீங்கினால் "வாய் திறவாதே" என்பதும் எந்த ஊர் நியாயம்?

தோழர்களே! சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் நீங்கள். கூட்டுறவுப் பண்டகசாலைக்குப் பங்குப்பணம் கட்டுகிறவர் நீங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செங்கல் சுமந்தவர் நீங்கள். கொடுத்த கைக்குக் கேட்கும் உரிமை உண்டு. சுவீட் பிரையர் மகளிர் அதை 2015-இல் நிலைநாட்டினர். அந்த உரிமையை நாள்தோறும் பயன்படுத்தாவிட்டால், பூட்டு மீண்டும் வரும். ஒருநாள் வாயிற்கதவில், மறுநாள் அங்கே படிப்பவரின் வாயில்!