கறுப்பு மண்ணைக் காத்த மரங்கள்

சூரியகாந்தி எண்ணெயைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெயில் ஒரு பகுதி கப்பலில் ரஷ்யாவிலிருந்து நம் நாட்டுக்கு வருகிறது. அங்கே சூரியகாந்தி கறுப்பு மண்ணில் விளைகிறது. அந்த மண்ணுக்கு ஒரு கதை உண்டு. அதைத் தெரிந்து கொள்வோம்.

எங்கே இருக்கிறது?

ரஷ்யாவின் தலைநகர் மாஸ்கோ. அதற்குத் தெற்கே சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தில் வரோனெஷ் நகரம் இருக்கிறது. வரோனெஷ் மாகாணத்தில் பல வட்டங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று தலோவ்ஸ்கி வட்டம். தலோவயா என்ற ரயில் நிலைய ஊர்தான் அதன் தலைமையிடம்.

இந்த வட்டத்தில் மலை இல்லை. பெரிய காடும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரை சமவெளி. ஒரு காலத்தில் இது முழுவதும் புல் மண்டிக் கிடந்தது. இப்படிப்பட்ட புல்வெளிக்கு 'ஸ்டெப்பி' என்று பெயர்.

இங்கே குளிர்காலம் மிகக் கடுமையானது. வானிலிருந்து பஞ்சு போல வெண்பனி விழும். நிலம் மாதக் கணக்கில் பனியால் மூடிக் கிடக்கும். கோடையில் வெயில் அடிக்கும். தென்கிழக்கிலிருந்து வறண்ட அனல் காற்று வீசும். ஆண்டுக்கு சுமார் 450 முதல் 500 மில்லிமீட்டர் மழைதான். பனி உருகும் நீரும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே.

மண் ஏன் கறுப்பு?

புல் ஆண்டுதோறும் முளைத்தது, காய்ந்தது, வேரோடு மட்கியது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகள் நடந்தது. மட்கிய புல்லே மண்ணோடு கலந்து உரமாயிற்று. அதனால் மண் கறுத்தது. இரண்டு முழ ஆழம் தோண்டினாலும் பல இடங்களில் கறுப்பாகவே இருக்கும். உலகின் மிக வளமான மண்களில் இதுவும் ஒன்று. நம் நாட்டுக் கரிசல் மண்ணும் கறுப்புத்தான். ஆனால் அது வேறு வகை.

வளமான மண்ணில் பஞ்சம்

இவ்வளவு நல்ல மண் இருந்தும் 1891இல் இங்கே பெரும் பஞ்சம் வந்தது. மழை பொய்த்தது. பயிர் கருகியது. ரஷ்யாவின் பல மாகாணங்களில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். நோயும் சேர்ந்து கொண்டது. லட்சக்கணக்கானோர் இறந்தார்கள்.

நல்ல மண் இருந்தும் ஏன் இந்தக் கதி?

வசிலி தக்குச்சாயெவ் என்ற மண் அறிஞர் இதை ஆராய்ந்தார். அவர் கண்ட காரணம் இதுதான். மக்கள் புல்வெளி முழுவதையும் உழுதுவிட்டார்கள். இருந்த கொஞ்சம் மரங்களையும் வெட்டிவிட்டார்கள். அதனால் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. குளிர்காலத்தில் விழுந்த பனியைக் காற்று வாரிக் கொண்டு போனது. மிச்சப் பனி உருகியபோது, தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓடியது. ஓடும்போது மண்ணையும் அரித்துச் சென்றது. நிலத்தில் பெரிய பள்ளங்கள் விழுந்தன. மண்ணில் ஈரம் தங்கவில்லை.

மண் வளமாக இருந்தது. ஆனால் அதற்குத் தண்ணீர் இல்லை.

மரம் நட்டார்கள்

1892இல் தக்குச்சாயெவ் தலைமையில் ஒரு குழு வேலையைத் தொடங்கியது. அவர்கள் தேர்ந்தெடுத்த இடங்களில் ஒன்று காமென்னயா ஸ்டெப்பி. 'கல் புல்வெளி' என்று பொருள். இந்த இடம் தலோவ்ஸ்கி வட்டத்தில் இருக்கிறது.

வயல்களின் ஓரமாக நீளமான பட்டைகளாக மரம் நட்டார்கள். ஓக், மேப்பிள் போன்ற மரங்கள் வளர்ந்தன. பள்ளங்களில் கரை போட்டுக் குளம் அமைத்தார்கள்.

மரப்பட்டைகள் வேலி போல நின்றன. காற்றின் வேகம் குறைந்தது. பனி வயலிலேயே தங்கியது. அது மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கியது. 1946இல் மீண்டும் கடும் வறட்சி வந்தது. அப்போது மரப்பட்டைகளுக்கு நடுவே இருந்த வயல்கள், திறந்த வெளி வயல்களைவிட நன்றாக விளைந்தன. 1948இல் சோவியத் அரசு இந்த முறையைப் பெரிய அளவில் பரப்பத் திட்டமிட்டது. ஆனால் 1953க்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

என்ன விளைகிறது?

கோதுமைதான் முக்கியப் பயிர். ஒரு வகைக் கோதுமையைக் குளிர் வருமுன் விதைக்கிறார்கள். முளைத்த பயிர் பனிக்கு அடியில் உறங்கும். வசந்தத்தில் மீண்டும் வளரும். ஜூலையில் அறுவடை.

பார்லி, சூரியகாந்தி, சர்க்கரை பீட் ஆகியவையும் உண்டு. நாம் கரும்பிலிருந்து சர்க்கரை எடுக்கிறோம். அவர்கள் பீட் கிழங்கிலிருந்து எடுக்கிறார்கள். மாடு, பன்றி வளர்ப்பும் நடக்கிறது.

சூரியகாந்தி அமெரிக்காவிலிருந்து வந்த செடி. முதலில் அழகுக்காக வளர்த்தார்கள். 1829இல் பொக்காரெவ் என்ற பண்ணையடிமை விதையை நசுக்கி எண்ணெய் எடுத்தார் என்று சொல்வார்கள். அவருடைய ஊரும் அன்று வரோனெஷ் மாகாணத்தில்தான் இருந்தது.

இன்றைய கவலை

சோவியத் காலத்தில் நிலம் கூட்டுப் பண்ணைகளிடமும் அரசுப் பண்ணைகளிடமும் இருந்தது. 1991இல் சோவியத் யூனியன் கலைந்தது. பிறகு பண்ணை நிலத்தில் ஊழியர்களுக்குப் பங்கு கிடைத்தது. பலர் அதைப் பெரிய நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். இயந்திரங்கள் பெருத்தன. ஆள் தேவை குறைந்தது. வேலை தேடி இளைஞர்கள் நகரங்களுக்குப் போகிறார்கள்.

மரங்களுக்கும் வயதாகிறது. பட்டுப்போன மரத்தை அகற்றிப் புதிய கன்று நட வேண்டும். பண்ணைகள் கலைந்த பிறகு பல இடங்களில் இந்த வேலையைக் கவனிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

நல்ல மண்ணை நம்பி மட்டும் விவசாயம் செய்ய முடியாது. அதில் ஈரம் தங்க வேண்டும். காற்று அதை அரிக்காமல் காக்க வேண்டும். 1891இல் அந்த மக்கள் பட்ட துன்பம் சொல்லும் பாடம் இது.

உங்கள் ஊரில் வயல் ஓரத்து மரங்கள் எத்தனை இருக்கின்றன? எண்ணிப் பாருங்கள்.