மாயக் கதையா, காதற் கதையா?

பதினைந்து வயதுப் பிள்ளையொன்று நூலகத்தில் இரு நாவல்களைக் கையில் ஏந்தி, எதனை எடுப்பதெனத் தயங்கி நிற்கும்போது, உடன் செல்லும் பெரியோர் கூறும் விடை பெரும்பாலும் முன்னரே முடிவானதொன்று. மாயக் கதை வெறுங் கற்பனை, இக்கால வாழ்வைக் கூறும் நூலை எடு என்பர் சிலர். வேறு சிலரோ காதற் கதை என்றதும் அதனைத் திரும்ப வைத்துவிட்டு, மாயக் கதையால் தீங்கில்லை என நிம்மதியடைவர். இரு சாராரும் அட்டையைக் கண்டே தீர்ப்பளிக்கின்றனர்.

அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1968இல் இளையோருக்கென வெளியிட்ட நாவல் "எர்த்சீயின் மந்திரவாதி". தீவுகளாலான அவ்வுலகில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆள வல்லவன். கெட் என்னும் மாணவன் சக மாணவனிடம் தன் ஆற்றலைக் காட்டும் செருக்கினால் தகாத மந்திரத்தைச் செய்ய, ஒரு நிழல் வெளிப்பட்டு அவனைத் தாக்குகின்றது. அது வந்த வழியை அடைத்த முதிய தலைமைக் குரு உயிரிழக்கின்றார். கெட் நிழலுக்கு அஞ்சி ஓடுகின்றான், ஓடுமளவும் மீட்சியில்லை. இறுதியில் திரும்பி நின்று, தன் பெயராலேயே அதனை அழைக்கின்றான். தான் செய்த தீங்கைத் தானே எதிர்கொள்ளுதலைக் கூறும் இக்கதையைத் தப்பியோடும் கதை என்பது பொருந்தாது. பெண்களுக்கு இதில் இடம் மிகச் சிறிது என்பது மெய்யே. 1990இல் வெளியிட்ட "தெஹானூ" என்னும் நூலில் ஆசிரியரே எர்த்சீக்குத் திரும்பி, ஒரு பெண்ணின் வாழ்வை நடுவில் வைத்தார்.

பிரித்தானிய எழுத்தாளர் ஜோஜோ மொய்ஸின் "மீ பிபோர் யூ" 2012இல் வெளியான காதல் நாவல். வேலையிழந்த லூயிசா, விபத்தொன்றினால் கைகால் செயலிழந்த வில் என்பவனைப் பராமரிக்க அமர்த்தப்படுகின்றாள். ஆறு திங்களின் பின் சுவிட்சர்லாந்து சென்று உயிர் துறக்க அவன் உறுதிபூண்டிருப்பதை அறிகின்றாள். காதல் மலர்கின்றது, உறுதி மாறவில்லை. நகைச்சுவை மிகுந்த நடை வாசகரை எளிதில் உள்ளே அழைத்துச் சென்று, அவ்விடத்தில் நிறுத்திவிடுகின்றது. 2016இல் இக்கதை திரைப்படமானபோது, மாற்றுத்திறனாளிகளின் வாழ்வு வாழத் தகாதது போலக் காட்டப்படுகின்றதென அவர்களுள் பலர் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு நியாயமானதே.

எனவே, பதினைந்து வயதில் தனியே வாசிக்கும் பிள்ளைக்கு லெ குவினின் நூலே ஏற்றது. மொய்ஸின் நாவலைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் அதனை முடிக்கும் இரவில் மனம் விட்டுப் பேச வீட்டில் ஒருவர் இருத்தல் வேண்டும். நூலகத்தில் உடன் நின்ற பெரியோரே அதற்கு உரியவர். அதற்கு முன் அவரும் அந்நூலை வாசித்திருத்தல் வேண்டும்.