வீல்சேர் கூடைப்பந்து: முதல்முறை பார்க்கப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

‘டமார்’ என்று இரண்டு வீல்சேர்கள் மோதுகின்றன. ஒருவர் நாற்காலியோடு சாய்ந்து விழுகிறார். கேலரியில் ‘ஐயோ!’ என்று குரல். விழுந்தவரோ கையை ஊன்றி, நாற்காலியோடு நிமிர்ந்து, பந்தைத் துரத்தப் போய்விடுகிறார்.

முதல்முறை பார்ப்பவர்களுக்கு இந்த ‘ஐயோ’ வருவது சகஜம். ரூல்ஸ் தெரிந்துவிட்டால் அதுவே விசிலாக மாறிவிடும்.

தென்காசிக்கு என்ன சம்பந்தம்?

குற்றால சீசனுக்குப் போகிறவர்களில் பலருக்கு, தென்காசியை அடுத்த ஆய்க்குடி தெரியாது. அங்குள்ள அமர் சேவா சங்கத்தை 1981-ல் தொடங்கியவர் எஸ்.ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கான மறுவாழ்வு இந்தச் சங்கத்தின் முக்கியப் பணிகளில் ஒன்று.

வீல்சேர் விளையாட்டு வளர்ந்ததும் அப்படியொரு இடத்தில்தான். 1948-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், டாக்டர் லுட்விக் குட்மன் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960 ரோம் பாராலிம்பிக்கில் வீல்சேர் கூடைப்பந்தும் இடம்பிடித்தது.

ரூல்ஸ் என்ன?

* அதே கோர்ட், அதே 10 அடி உயர வளையம். அணிக்கு 5 பேர். தலா 10 நிமிடத்தில் 4 குவார்ட்டர்.
* பந்தை மடியில் வைத்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். மூன்றாவதுக்கு முன் பந்தைத் தட்டியாக வேண்டும். இல்லையென்றால் ‘டிராவலிங்’.
* ‘டபுள் டிரிபிள்’ தவறு இங்கே கிடையாது.
* வீல்சேரும் வீரரின் உடம்பில் ஒரு பகுதி. முறைகேடாக மோதினால் ஃபவுல்.

அதென்ன 14 பாயின்ட்?

ஒவ்வொருவருக்கும் உடல் இயக்கத்தைப் பொறுத்து 1.0 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. இயக்கம் குறைந்தால் புள்ளியும் குறைவு. கோர்ட்டில் இருக்கும் ஐவரின் கூட்டல் 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால் பாதிப்பு அதிகம் உள்ளவருக்கும் அணியில் இடம் உறுதி.

இந்த 1 பாயின்ட், 1.5 பாயின்ட் ஆட்களைக் கவனியுங்கள். வீல்சேரால் பக்கவாட்டில் நகர முடியாது. எதிரணிக்காரர் முன்னால் சரியான கோணத்தில் நாற்காலியை நிறுத்தி வழியை அடைத்துவிடுவார்கள். அந்த இடைவெளியில்தான் சக வீரர் போய்க் கூடை போடுவார். ஸ்கோர்போர்டில் இவர்கள் பெயர் வராது. பாதி ஆட்டம் இவர்களுடையது.

கேலரியில் எப்படி இருக்கணும்?

விழுந்தால் உதவிக்கு ஓடாதீர்கள். தேவைப்பட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார். கேட்காமல் யாருடைய வீல்சேரையும் தொடாதீர்கள். சுலபமான ஷாட்டை விட்டால் ‘அடப் போப்பா’ என்று தாராளமாகச் சலித்துக்கொள்ளலாம். எந்த வீரருக்கும் கிடைப்பதுதானே அது!

கிளம்புமுன் கேலரியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டும்தானா, சாய்தளமும் இருக்கிறதா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 30-வது பிரிவு, விளையாட்டு வசதிகளை அவர்களுக்கும் ஏற்றபடி மாற்றச் சொல்கிறது. கோர்ட்டில் இறங்கி ஆடுகிறவர், அடுத்த மேட்ச்சை உங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும் அல்லவா?