மலை இறங்கும் முன் சிவப்பு விளக்கைப் பாருங்கள்!

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். சென்ற மாதம் மிளகுத் தோட்டம் பார்த்துவிட்டு இருட்டில் இறங்கியபோது, என் காரின் முகப்பு விளக்கு மங்கியது. ஓரமாக நிறுத்தி, விடியும்வரை காத்திருந்தேன். இரண்டு நாளாக எரிந்த சிவப்பு பேட்டரி விளக்கை, ‘பேட்டரி பழசு’ என்று விட்டது என் தவறு. பழுது ஆல்டர்னேட்டரில். பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டும். 12.5-க்கும் கீழே இறங்கிக்கொண்டே போனால் சார்ஜ் ஏறவில்லை. புது பேட்டரி போட்டாலும் காசுதான் வீண். முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஒயர் முனை துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆல்டர்னேட்டரையே மாற்ற வேண்டுமென்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்; கடைசியில் மாட்டுங்கள். அதற்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். நெருக்கமான இடத்தில் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் ஓடும் விதத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வழியாக வராவிட்டால், சில வண்டிகளில் முன்சக்கரத்தைக் கழற்றிப் பக்கவாட்டில் எடுக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால், அன்றே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சந்தைக்கு ஒருநாள் தாமதமானாலும் பரவாயில்லை.