சிமிட்டாத விளக்கு

மூதூரிலிருந்து பத்தாம் தர மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாப் படகிலும் ஜிபிஎஸ் வந்துவிட்டது. இனி வெளிச்சவீடு எதற்கு?" நல்ல கேள்வி. அவருடைய ஊர்ப்பக்கத்து வெளிச்சவீட்டை வைத்தே பதில் சொல்லலாம்.

கொட்டியாரக் குடாவின் தென்வாசலில், சம்பூருக்கு அப்பால், ஃபவுல் பொயிண்ட் முனையில் நிற்கிறது அந்தக் கற்கோபுரம். பிரித்தானியர் 1863இல் கட்டியது. உயரம் 32 மீற்றர். உள்துறைமுக வாயிலில், ரவுண்ட் தீவில், அதற்கு ஒரு துணை விளக்கும் உண்டு. குடாவின் நடுவே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஓடுவதால் எவ்வளவு பெரிய கப்பலும் திருகோணமலைக்குள் வரலாம். ஆனால் இரவில் வாசலைத் தவறவிட்டால் கரையோரப் பாறைதான்.

முனையோ தாழ்ந்த நிலம். பூமியின் வளைவு ஒளியை மறைத்துவிடும் என்பதால்தான் இத்தனை உயரம். 32 மீற்றர் உயரத்தில் எரியும் விளக்குக்கு அடிவானம் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தொலைவில். பார்ப்பவர் 10 மீற்றர் உயரக் கப்பல் தளத்தில் நின்றால் இன்னும் 11 கிலோமீற்றர் கூடும்.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. சுழலும் ஒளி வீசும் வெளிச்சவீடுகளில் விளக்கு சிமிட்டுவதே இல்லை. விடிய விடிய ஒரே சீராக எரியும். சுற்றுவது அதைச் சூழ்ந்த கண்ணாடிக் கூண்டு. பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனெல் உருவாக்கி, 1823இல் கோர்துவான் வெளிச்சவீட்டில் முதலில் பொருத்தப்பட்ட வில்லை அது. தடித்த ஒற்றை வில்லைக்குப் பதில், படிப்படியாக அடுக்கிய கண்ணாடி வளையங்கள். நாலாபுறமும் சிதறும் ஒளியை அவை சில கற்றைகளாகத் திரட்டும். கற்றை நம்மைக் கடக்கும் கணம்தான் நமக்கு மின்னலாகத் தெரிகிறது. வில்லைகளின் எண்ணிக்கையையும் சுழலும் வேகத்தையும் மாற்றினால் ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் தனித் தாளம் கிடைக்கும். எங்கள் தெருவில் பாண் ஓட்டோவை எட்டிப் பார்க்காமலே மெட்டை வைத்துச் சொல்லிவிடுவோம்; மாலுமியும் மின்னலை எண்ணி, வரைபடத்தோடு ஒப்பிட்டு, இது எந்த முனை என்று அறிகிறார்.

ஜிபிஎஸ் செய்மதிகள் 20,000 கிலோமீற்றருக்கு மேலே இருக்கின்றன. அங்கிருந்து வந்துசேரும் சமிக்ஞை மிக மெல்லியது. அதைக் குழப்புவது எளிது. சிறு படகில் பற்றரி தீர்ந்தால் கருவியும் ஊமையாகிவிடும். அப்போது கண்ணால் கண்டு சரிபார்க்கக் கரையில் ஓர் அடையாளம் வேண்டும்.

உள்நாட்டுப் போரில் ஃபவுல் பொயிண்ட் கோபுரமும் சேதமடைந்து விளக்கை இழந்தது. குண்டுக்குத் தப்பிய கல்லில் பெயர் கிறுக்குவது அடாத செயல். பழைய வெளிச்சவீடுகளில் மிஞ்சிய கண்ணாடித் துண்டுகளைக்கூடச் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். கோபுரத்தின் வரலாற்றை மும்மொழியிலும் அங்கே எழுதி வைக்க வேண்டும். ஒளியியல் பாடம் நடத்தும் மூதூர் ஆசிரியர்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லட்டும். புத்தகத்தில் படிக்கும் வில்லை தங்கள் கடலில் என்ன வேலை பார்த்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.