விட்ட இடத்திலிருந்து தொடரும் படம்

பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் அதே இடத்திலிருந்து காட்டுவது வீட்டு மீடியா சர்வரின் அன்றாட வேலைகளில் ஒன்று. படங்கள், தொடர்கள், கல்யாண வீடியோக்கள் எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்கில் இருக்கும். அந்த டிஸ்க் மாட்டிய பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியோ நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். கூடத்து டிவி, டேப்லெட், கைப்பேசி என எதிலிருந்து கேட்டாலும் அது படத்தை அனுப்பும். கூடத்தில் பாதி பார்த்தவர் மீதியைப் படுக்கையில் கைப்பேசியில் பார்க்க முடிகிறதென்றால், பார்த்த இடம் டிவியில் பதியாமல் சர்வரில் பதிந்திருப்பதே காரணம்.

வீடியோ கேசட் காலத்தில் இந்த நினைவு டேப்பிலேயே இருந்தது. நிறுத்திய இடத்தில் டேப் நின்றது. மறுநாள் செருகினால் அங்கிருந்தே ஓடியது. ஆனால் ஒரு கேசட்டுக்கு ஒரே இடம்தான்; வேறொருவர் ஓட்டிவிட்டால் போயிற்று. மீடியா சர்வர் அந்த நினைவைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக எழுதி வைக்கிறது.

இதைச் செய்யும் மென்பொருள்களில் பரவலாகத் தெரிந்தவை பிளெக்ஸ், எம்பி, ஜெல்லிஃபின். டிவியிலேயே இயங்கும் ‘கோடி’யும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்ட எக்ஸ்பிஎம்சி என்ற மென்பொருள்தான் 2014-இல் ‘கோடி’ எனப் பெயர் மாறியது. பிளெக்ஸின் தொடக்கமும் அதே எக்ஸ்பிஎம்சிதான். எம்பி தன் நிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது ஜெல்லிஃபின். அது கட்டற்ற மென்பொருள், சந்தா கிடையாது, நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். பார்த்த இடம் எப்படிக் காக்கப்படுகிறது என்பதை விளக்க ஜெல்லிஃபினை எடுத்துக்கொள்வதற்கும் இந்தத் திறந்த தன்மையே காரணம்: ஊகிக்கத் தேவையில்லை, நிரலிலேயே எழுதியிருக்கிறது.

அதில் சேமிக்கப்படுவது ஓர் எண் மட்டுமே. ஜெல்லிஃபின் ஒரு விநாடியை ஒரு கோடித் துண்டுகளாக எண்ணுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் டிக் என்று பெயர். ஒருவர் படத்தை 1 மணி 12 நிமிடம் 40 விநாடியில் நிறுத்தினால் அது 4,360 விநாடி. சர்வரின் தரவுத்தளத்தில் அவர் பெயருக்கும் அந்தப் படத்துக்கும் நேரே 4,360 கோடி என்ற எண் உட்காரும். கூடவே, எத்தனை முறை பார்த்தார், கடைசியாக எப்போது பார்த்தார், முழுதும் பார்த்தாயிற்றா என்ற குறிப்புகளும் இருக்கும். பிளெக்ஸ் இதையே மில்லி விநாடியிலும், ‘கோடி’ விநாடியிலும் எழுதுகின்றன. வீடியோ ஃபைலில் எதுவும் மாறுவதில்லை.

இந்த எண்ணைச் சர்வர் தானாகக் கண்டுபிடிப்பதில்லை. படத்தை ஓட்டும் ஆப்தான் சொல்ல வேண்டும். ஓடத் தொடங்கும்போது ஒரு செய்தி, ஓடிக்கொண்டிருக்கும்போது சில விநாடிகளுக்கு ஒரு செய்தி, நிறுத்தும்போது ஒரு செய்தி என்று அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ரிமோட்டில் நிறுத்தாமல் டிவியின் சுவிட்சையே அணைத்தாலும் பார்த்த இடம் தப்புவது இதனால்தான். கடைசியாக வந்த செய்தி சர்வரில் பதிவாகியிருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் எந்தச் செய்தியும் வராவிட்டால், ஆள் போய்விட்டார் என்று சர்வரே முடிவுகட்டி அந்த ஓட்டத்தை மூடிவிடும்.

இதுவரை எல்லாம் எளிது. கடினம் எங்கே என்றால், எந்த எண்ணை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று தீர்மானிப்பதில். தலைப்பு மட்டும் பார்த்துவிட்டு மூடிய படமெல்லாம் ‘தொடர்ந்து பார்’ வரிசையில் வந்து நின்றால் அந்த வரிசைக்குப் பயனில்லை. முடிந்த படமும் பெயர்ப் பட்டியல் ஓடவில்லை என்பதற்காக அங்கேயே கிடக்கக் கூடாது. ஆகவே ஜெல்லிஃபின் மூன்று வரம்புகளை முன்கூட்டியே வைத்திருக்கிறது. படத்தின் முதல் 5 விழுக்காட்டுக்குள் நிறுத்தினால் இடம் நினைவில் வைக்கப்படாது. 90 விழுக்காட்டைத் தாண்டினால் ‘பார்த்தாயிற்று’ என்று குறித்து, எண்ணைச் சுழியாக்கிவிடும். 300 விநாடிக்குக் குறைவான வீடியோவுக்கு இடமே கிடையாது. ஒற்றைப் பாடலும் குழந்தைகளின் குட்டிக் கதையும் எப்போதும் தொடக்கத்திலிருந்தே ஓடும்.

இரண்டாவது வரம்பு தமிழ்ப் படங்களுக்குப் பொருந்துவதில்லை. நூறு நிமிட ஹாலிவுட் படத்தில் கடைசிப் பத்து நிமிடத்தின் பெரும்பகுதி பெயர்ப் பட்டியலாகவே இருக்கக்கூடும். அங்கே 90 என்பது நியாயமான கணக்கு. தமிழ்ப் படங்கள் பல இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். பழைய படங்களில் பெயர்கள் எல்லாம் தொடக்கத்திலேயே ஓடிவிடும், உச்சகட்டம் முடிந்த கையோடு ‘சுபம்’ வந்துவிடும். 2022-இல் வந்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் நீளம் 167 நிமிடம். அதன் 90 விழுக்காடு 2 மணி 30 நிமிடம் 18 விநாடி. அதற்குப் பின் இன்னும் பதினாறரை நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. கடலில் நடக்கும் இறுதிக் காட்சிகள் அந்தப் பகுதியில்தான். இரவு தூக்கம் வந்து 2 மணி 35-ஆவது நிமிடத்தில் நிறுத்தியவருக்கு மறுநாள் ‘தொடர்ந்து பார்’ வரிசையில் படம் இருக்காது. பார்த்து முடித்ததற்கான சரி அடையாளம் மட்டும் போஸ்டரில் தெரியும். சர்வர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. அது தனக்குச் சொல்லப்பட்ட கணக்கின்படி நடந்திருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கணக்கை மாற்றும் உரிமை வீட்டுக்காரருக்கு இருப்பதுதான் வீட்டு சர்வரின் பெரிய நன்மை. நிர்வாகப் பக்கத்தில் பிளேபேக் பகுதியில், ரெஸ்யூம் என்ற தலைப்பின் கீழ் மூன்று எண்களும் இருக்கின்றன. 90-ஐ 97 ஆக்கினால் 167 நிமிடப் படத்தில் கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே ‘முடிந்தது’ என்ற கணக்கில் போகும். ஆனால் இந்த எண் சர்வர் முழுமைக்கும் ஒன்றே. படத்துக்கு ஒன்று, தொடருக்கு ஒன்று என வைக்க முடியாது. 22 நிமிட சீரியலில் 97 விழுக்காடு என்றால் மிஞ்சுவது 40 விநாடி. அதற்கு முன்பே ‘நாளை’ காட்சிகள் தொடங்கி, பார்ப்பவர் ரிமோட்டை அமுக்கியிருப்பார். அந்த எபிசோடு முடியாத கணக்கிலேயே வரிசையில் தங்கிவிடும். சீரியலும் படமும் கலந்து பார்க்கும் வீட்டில் 94, 95 என்று வைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. ஒலிப் புத்தகங்களுக்கு மட்டும் ஜெல்லிஃபின் விழுக்காட்டை விட்டு நிமிடக் கணக்கைப் பயன்படுத்துகிறது. படங்களுக்கும் அந்த முறையே வந்தால் தமிழ் வீடுகளுக்கு நல்லது.

பிளெக்ஸிலும் 90 விழுக்காடுதான் தொடக்க அளவு. ஆனால் பெயர்ப் பட்டியல் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டறிந்து, அதையே முடிவாகக் கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. ‘கோடி’ முதல் 180 விநாடியையும் கடைசி 8 விழுக்காட்டையும் கணக்கில் எடுப்பதில்லை.

பார்த்த இடத்துக்கு ஒரே எண்தான் என்பதால் வரும் இன்னொரு சிக்கல், யாருடைய எண் என்பது. கூடத்து டிவியில் ஒரே புரொஃபைலில் எல்லோரும் பார்க்கும் வீட்டில், பாட்டி சீரியலை எட்டாவது நிமிடத்தில் நிறுத்தியிருப்பார். மருமகள் அதை இரவில் கடைசிவரை பார்த்துவிடுவார். மறுநாள் பாட்டிக்கு அந்த எபிசோடு முடிந்ததாகவே காட்டும். தீர்வு ஒன்றுதான்: ஆளுக்கொரு பயனர் கணக்கு. வீட்டுக்குள் மட்டும் பயன்படுத்தும் கணக்குக்கு பாஸ்வேர்ட் இல்லாமலும் விடலாம் என்பதால், பெரியவர்கள் தங்கள் பெயரைத் தொட்டாலே உள்ளே போய்விடலாம். ஒரு முறை பார்த்து முடித்த படத்தை மறுபடி ஓட்டினால், ஜெல்லிஃபின் பழைய ‘பார்த்தாயிற்று’ அடையாளத்தை அழித்துவிட்டுப் புதிதாக எண்ணத் தொடங்கும். பிள்ளைகள் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடும் வீட்டில் அது ஓயாமல் வரிசையின் முன்னால் வந்து நிற்பது இதனால்தான்.

புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரையில் இந்த விஷயத்துக்குக் கடல் தாண்டிய ஒரு பக்கமும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் தனி கொம்யூனாக இருந்த இந்த ஊர், இன்று ரெட்டியார்பாளையம், லாஸ்பேட்டை, மூலக்குளம் எல்லாம் அடங்கிய நகராட்சி. 2011 கணக்கெடுப்பில் சுமார் 3 லட்சம் பேர். 1962-இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பாரிஸைச் சுற்றியுள்ள சார்செல் போன்ற நகரங்களில் வாழ்கிறார்கள். ஊரில் ஓடும் சர்வரில் அவர்களுக்கும் ஒரு கணக்கு கொடுத்தால் போதும். விடுமுறைக்கு வந்து ஊரில் பாதி பார்த்த படத்தை அங்கே போய் முடிக்கலாம். இங்கே இரவு 10 மணி என்றால் குளிர்காலத்தில் பாரிஸில் மாலை 5.30, ஆனால் சேமித்த எண் கடிகார நேரமாக இல்லாமல் படத்துக்குள் இருக்கும் தூரமாக இருப்பதால் நேர வித்தியாசம் அதைத் தொடாது. ஒரே கணக்கை இரண்டு ஊரிலும் ஒரே சமயத்தில் ஒரே படத்துக்குப் பயன்படுத்தினால் மட்டும் கடைசியாக வந்த செய்தியே நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து ஊர் சர்வரை எட்டுவதற்குச் சிறு ஏற்பாடு வேண்டும். இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து கொடுப்பது வழக்கமாகிவிட்டதால், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழி இருக்காது. வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்றவற்றால் தனிச் சுரங்கப் பாதை அமைத்துக்கொள்வார்கள். அப்லோடு வேகம் போதாவிட்டால் சர்வர் படத்தைச் சுருக்கி அனுப்பும். அப்போது விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்குச் சர்வர் கூடுதலாக உழைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி நேராக 1 மணி 12-ஆவது நிமிடத்துக்குத் தாவி, அங்கிருந்து மாற்றத் தொடங்குகிறது. பழைய லேப்டாப் என்றால் திரையில் வட்டம் சில விநாடி சுற்றும்.

தாவும் இடம் விநாடி சுத்தமாக இல்லாமல் போவதும் உண்டு. வீடியோவில் எல்லாச் சட்டங்களும் முழுப் படங்களாக இருப்பதில்லை. இடையிடையே வரும் கீஃபிரேம் மட்டுமே முழுமையானது, மற்றவை அதிலிருந்து மாறியதை மட்டும் சொல்பவை. எக்ஸ்264 என்ற பரவலான குறியாக்கி, வேறு எதுவும் சொல்லாவிட்டால், இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே 250 சட்டங்கள் வரை விடும். அது ஏறத்தாழ பத்து விநாடி. ஆகவே படம் சில விநாடி முன்னதாகத் தொடங்கலாம். உரையாடலின் நடுவில் நிறுத்தியவருக்கு அது வசதியே. ஜெல்லிஃபினின் ஆண்ட்ராய்டு டிவி ஆப்பில், தொடரும்போது வேண்டுமென்றே சில விநாடி பின்னால் போகச் சொல்லவும் ஓர் அமைப்பு இருக்கிறது.

சில சந்தர்ப்பங்களில் எண் சர்வரை வந்தடைவதே இல்லை. ஆப் இல்லாத பழைய டிவி டிஎல்என்ஏ என்ற வீட்டு வலைப் பகிர்வு முறை வழியாகப் படத்தை எடுக்கும்போது பார்த்த இடம் சர்வருக்குப் பெரும்பாலும் தெரியாது. சென்னைப் பேருந்தில் பார்ப்பதற்காகக் கைப்பேசியில் இறக்கிக்கொண்ட ஃபைலை வேறு பிளேயரில் ஓட்டினாலும் அப்படித்தான்.

விசிடியிலிருந்து ஏற்றிய பழைய படங்கள் தனிக் கவனம் கேட்பவை. ஒரு விசிடியில் எண்பது நிமிடத்துக்கு மேல் அடங்காததால் தமிழ்ப் படம் இரண்டு, மூன்று தட்டுகளாக வந்தது. அவற்றைத் தனித்தனி ஃபைலாகவே வைத்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண் விழுந்து, தொடர்வது குழப்பமாகும். எம்கேவி டூல்நிக்ஸ் போன்ற இலவசக் கருவியால் ஒரே ஃபைலாக இணைத்துவிட்டால் தொல்லை தீரும்.

ஃபைலை இடம் மாற்றுவதிலும் வேறுபாடு இருக்கிறது. சினிமாப் படத்தை டிஎம்டிபி, ஐஎம்டிபி தளங்களின் அடையாள எண்ணைக் கொண்டு ஜெல்லிஃபின் அறிவதால், வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் பார்த்த இடம் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு அப்படி ஓர் எண் இல்லை. அது இருக்கும் பாதையே அதன் அடையாளம். ஃபோல்டரின் பெயரை மாற்றினால்கூட அது புதிய வீடியோ ஆகிவிடும்.

மின்வெட்டு இந்த எண்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஜெல்லிஃபின் பயன்படுத்தும் எஸ்கியூலைட் தரவுத்தளம் பாதி எழுதியதை ஒதுக்கிவிட்டு மீளும் வகையில் அமைந்தது. வெள்ளம்தான் ஆபத்து. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. டிவி மேசைக்கு அடியில் தரையில் வைத்த பெட்டி அப்படிப்பட்ட இரவில் முதலில் நனைவது. படங்களை வேறெங்கிருந்தாவது மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். யார் எதை எதுவரை பார்த்தார்கள் என்பது அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கும். லினக்ஸில் நிறுவிய ஜெல்லிஃபின் இதை வழக்கமாக /var/lib/jellyfin என்ற ஃபோல்டர் பாதையில் வைக்கிறது. சர்வரை நிறுத்திவிட்டு அதை ஒரு பென் டிரைவில் அவ்வப்போது நகலெடுத்து, அலமாரியின் மேல்தட்டில் வைக்கலாம்.