பழைய மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் காக் கோளாறு: விவசாயிகளே கண்டறிந்து சரிசெய்யலாம்

விடியற்காலையில் பாலைச் சங்கத்தில் சேர்க்கவும், காய்கறி மூட்டையை உழவர் சந்தைக்குக் கொண்டு போகவும், தெளிப்பானையும் மருந்தையும் வயலுக்கு எடுத்துச் செல்லவும் சிறு விவசாயிகள் பலரும் பழைய மோட்டார் சைக்கிளையோ மொபெட்டையோதான் நம்பியிருக்கிறார்கள். ஓசூரில் உருவான டி.வி.எஸ். 50, மைசூரில் உருவான எஸ்டி, ராஜ்தூத், புல்லட், சி.டி. 100 போன்ற வண்டிகள் இன்றும் கிராமத்துச் சாலைகளில் ஓடுகின்றன. இவ்வண்டிகள் பாதி வழியில் நின்றுவிட்டால் பால் திரிந்து போகும். சந்தை நேரம் தப்பிப் போகும். இஞ்சின் கெட்டுவிட்டது என்று எண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனால், பல சமயங்களில் கோளாறு டேங்கின் அடியிலுள்ள சிறிய பெட்ரோல் காக்கில் இருப்பது தெரியவரும். அதன் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவும் முழு அலைச்சலும் மிச்சமாகும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 புகை விதிகளுக்குப் பின் தயாரான வண்டிகளில் பெரும்பாலானவை பம்ப் மூலம் பெட்ரோலை இஞ்சினுக்குப் பீச்சும் முறையில் அமைந்தவை. அவற்றில் இந்தக் காக் கிடையாது. இங்கே சொல்லப்படுபவை கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளுக்கு உரியவை.

மேல்மடையும் கீழ்மடையும்

ஏரிக்கு மேல்மடை, கீழ்மடை இருப்பதைப் போலவே பெட்ரோல் டேங்குக்கும் இரண்டு வழிகள் உண்டு. காக்கின் மேற்பகுதியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டேங்கினுள் சற்று உயரமாக நிற்கும். கைப்பிடியை ‘ஆன்’ நிலையில் வைத்தால் அந்தக் குழாயின் மேல்வாய் வழியாகவே பெட்ரோல் இறங்கும். பெட்ரோல் மட்டம் அதற்குக் கீழே போனதும் வண்டி திணறும். ‘ரிசர்வ்’ நிலைக்குத் திருப்பினால் அடியிலுள்ள துவாரம் திறந்து, மீதியுள்ள பெட்ரோல் வரும். இது வண்டிக்கு வண்டி வேறுபட்டாலும் பெரும்பாலும் 1 லிட்டர் முதல் 2 லிட்டர் வரை இருக்கும். ‘ஆப்’ நிலையில் இரு வழிகளும் அடைபடும்.

கைப்பிடிக்குப் பின்னால் துவாரங்கள் உள்ள ரப்பர் வாஷர் ஒன்று இருக்கிறது. வழியைத் திறப்பதும் அடைப்பதும் இந்த வாஷர்தான். குழாயைச் சுற்றிச் சல்லடை போன்ற வலை இருக்கும். கிணற்று மோட்டாரின் புட்வால்வில் இலை சிக்கினால் தண்ணீர் குறைவதைப் போல, இந்த வலையில் துரு சேர்ந்தால் பெட்ரோல் குறையும். சில வண்டிகளில் காக்கின் அடியில் சிறு கிண்ணம் ஒன்றும் இருக்கும். தண்ணீரும் அழுக்கும் அதில்தான் தங்கும்.

கோளாறு பெட்ரோலிலா, மின்பொறியிலா?

வண்டி நின்றதும் முதலில் டேங்கைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், சில முறை உதைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். பிளக்கின் முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை என்று பொருள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. மின்பொறியிலோ, கார்புரேட்டரிலோ கோளாறு என்று கொள்ளலாம்.

இன்னொரு அடையாளமும் உண்டு. நின்ற வண்டியை ஐந்து நிமிடம் கழித்து உதைத்தால் கிளம்பும். சிறிது தூரம் ஓடி மறுபடியும் நிற்கும். கார்புரேட்டரின் கிண்ணம் அந்த ஐந்து நிமிடத்தில் மெல்ல நிரம்பிவிடுகிறது. அது தீர்ந்ததும் வண்டி நிற்கிறது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் வண்டி, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு சுமார் 17 மில்லி பெட்ரோல் தேவை. அடைப்புள்ள காக் அதைவிடக் குறைவாகத் தரும்போது, மெதுவாகப் போனால் ஓடும் வண்டி, மூட்டையுடன் மேடு ஏறும்போது நின்றுவிடும்.

முதலில் மூடியைப் பாருங்கள்

காக்கைக் கழற்றுவதற்கு முன் டேங்க் மூடியைச் சோதிப்பது அவசியம். பெட்ரோல் கீழே இறங்க வேண்டுமானால் மேலே காற்று உள்ளே போக வேண்டும். அதற்காக மூடியில் நுண்ணிய துவாரம் இருக்கும். நெல் தூசியும் சேறும் அதை அடைத்துவிடும். மழைத் தண்ணீர் புகாமலிருக்க மூடியின் மேல் பாலிதீன் தாளை இறுகக் கட்டினாலும் இதே விளைவுதான். வண்டி நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தம் கேட்டு, பிறகு வண்டி நன்றாக ஓடினால் கோளாறு மூடியில்தான். துவாரத்தைச் சுத்தம் செய்தால் போதும். காக்கைத் தொட வேண்டியதில்லை.

ஓட்டத்தைச் சோதிக்கும் முறை

மூடி சரியாக இருந்தால் அடுத்தது ஓட்டச் சோதனை. வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, இஞ்சின் ஆறிய பிறகு காக்கை மூட வேண்டும். கார்புரேட்டர் பக்கம் உள்ள பெட்ரோல் டியூபைக் கழற்றி, அதன் நுனியைச் சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் விட்டு, கைப்பிடியை ஒவ்வொரு நிலைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

• ‘ஆன்’ நிலையில் தாரை அறாமல் விழுந்தால் காக் நன்றாக இருக்கிறது. அடைப்பு கார்புரேட்டரில் இருக்கலாம்.

• டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் ‘ஆன்’ நிலையில் வராமல் ‘ரிசர்வ்’ நிலையில் மட்டும் வந்தால் நிற்கும் குழாயில் அடைப்பு.

• இரு நிலைகளிலும் நூல் போல வந்து அறுந்தால் வலையிலோ, டியூபிலோ அடைப்பு. வெயிலில் இறுகிய டியூப் மடங்கி நெரிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

• ‘ஆப்’ நிலையிலும் சொட்டினால் ரப்பர் வாஷர் இறுகிவிட்டது அல்லது கிழிந்துவிட்டது.

• ‘ஆன்’ நிலையிலேயே கடைசிச் சொட்டு வரை தீர்ந்து, ‘ரிசர்வ்’ என்பதே இல்லாமல் போனால் உள்ளே நிற்கும் குழாய் கழன்றோ, விரிசல் விட்டோ இருக்கும். வாஷர் கிழிந்து இரு வழிகளும் ஒன்றாகிவிட்டாலும் இப்படி ஆகும்.

பாட்டிலில் பிடித்த பெட்ரோலைச் சிறிது நேரம் ஆடாமல் வைத்துப் பார்க்கவும். அடியில் தனிப் படலமாகத் தண்ணீரோ, சிவப்பு நிறத் துருவோ தங்கினால் டேங்கையே கழுவ வேண்டும் என்று பொருள்.

சில வண்டிகளிலும் ஸ்கூட்டர்களிலும் இஞ்சின் ஓடும்போது ஏற்படும் உறிஞ்சலால் தானே திறக்கும் காக் உண்டு. அதற்குக் கூடுதலாக ஒரு சிறு டியூப் இஞ்சின் பக்கம் போகும். அந்த டியூபினுள் பெட்ரோல் ஈரம் இருந்தால் காக்கின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது என்று அறியலாம்.

கசிவைச் சாதாரணமாக எண்ணக் கூடாது

‘சொட்டுதானே’ என்று விடுவது பெரும் தவறு. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்து பார்த்தால் உண்மை தெரியும். 10 நிமிடத்தில் 1 மில்லி கசிந்தால் ஒரு நாளில் 144 மில்லி. மாதத்துக்கு 4 லிட்டருக்கு மேல் மண்ணில் போகிறது.

இதைவிடப் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும். கார்புரேட்டரின் மிதவை ஊசியும் தேய்ந்து, காக்கும் மூடாமல் இருந்தால் இரவு முழுதும் பெட்ரோல் இஞ்சினுக்குள் இறங்கக்கூடும். நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் அது பிஸ்டன் ரிங்குகளின் வழியே இறங்கி இஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப் போனால் வழவழப்பு குறைந்து பேரிங்குகளும் பிஸ்டனும் தேயும். சில சமயம் இஞ்சினே இறுகிவிடும். ஆயில் அளக்கும் குச்சியை எடுத்துப் பார்க்கும்போது மட்டம் உயர்ந்திருந்தாலும், பெட்ரோல் வாடை வந்தாலும் வண்டியைக் கிளப்பக் கூடாது. கசிவைச் சரிசெய்து, ஆயிலை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். சில ரூபாய் வாஷரை மாற்றாததால் இஞ்சின் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவாகும். இரவில் காக்கை மூடுவது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

கார்புரேட்டரின் வழிவுக் குழாயில் சொட்டினால் காக்கை மூடிவிட்டுச் சற்றுநேரம் பார்க்கவும். சொட்டு நின்றுவிட்டால் காக் நல்லது. மிதவை ஊசியில்தான் குறை. நிற்காவிட்டால் இரண்டிலும் குறை.

கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் காக்கை நன்றாகத் துடைத்து முகப்பவுடரை மெல்லத் தூவலாம். ஈரம் முதலில் படும் இடமே கசியும் இடம். டேங்கும் காக்கும் சேரும் இடம், கைப்பிடியைச் சுற்றி, அடிக்கிண்ணம், டியூபின் நுனி ஆகிய நான்கு இடங்களையும் பார்க்க வேண்டும்.

கழற்றிச் சுத்தம் செய்வது

1. பெட்ரோலை டியூப் வழியாக மூடியுள்ள உலோகக் கேனில் முழுவதும் இறக்கவும்.

2. காக்கைத் தாங்கும் இரு திருகுகளையோ, நட்டையோ கழற்றி, குழாய் வளையாமல் நேராக வெளியே எடுக்கவும்.

3. வலையைப் பெட்ரோலில் நனைத்து மிருதுவான பிரஷ்ஷால் தேய்க்கவும். கம்பியால் குத்தக் கூடாது. கிழிந்த வலையை மாற்றிவிட வேண்டும்.

4. கைப்பிடித் தகட்டைக் கழற்றும்போது தகடு, சுருள் வாஷர், கைப்பிடி, ரப்பர் வாஷர் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கி வைக்கவும். திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

5. புது வாஷரின் துவாரங்கள் காக்கின் துவாரங்களுக்கு நேராக இருக்க வேண்டும். திருகுகளை அளவாக முடுக்கவும். அதிகம் முடுக்கினால் மெல்லிய உலோகம் உடைந்துவிடும்.

6. கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக் கசிவு இல்லை என்று உறுதி செய்த பிறகே டேங்கை நிரப்பவும்.

டேங்கில் துரு இருந்தால் அதைக் கழற்றி, சிறிது டீசலும் எண்ணிப் போட்ட நட்டுகளும் இட்டுக் குலுக்கினால் துரு உதிரும். போட்ட நட்டுகள் அத்தனையும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்த்து, பிறகு சிறிது பெட்ரோலால் அலசிவிட வேண்டும்.

சைக்கிள் டியூபை வெட்டி வாஷராகப் போடுவது பலருடைய வழக்கம். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறிப் புடைத்து, கொழகொழவென்று ஆகித் துவாரத்தையே அடைத்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பின் துணுக்குகளும் அப்படியே. அந்தந்த வண்டிக்குரிய வாஷர், பெட்ரோல் தாங்கும் டியூப் ஆகியவற்றையே வாங்க வேண்டும். வழியில் டேங்கில் ஊசித் துளை விழுந்தால், துணி துவைக்கும் சோப்பை அழுத்திப் பூசி வீடு வந்து சேரலாம். அது தற்காலிக ஏற்பாடே.

எத்தனால் கலந்த பெட்ரோல்

கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கப்படுகிறது. இது விவசாயிக்கு நல்ல செய்திதான் என்றாலும், பழைய வண்டிக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கும். அப்போது ‘ரிசர்வ்’ நிலைக்குத் திருப்பியவுடன் வண்டி திணறும், டேங்கும் துருப்பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் வாஷர்களும் டியூப்களும் எத்தனாலைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. ஆகவே அவற்றை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்து, இறுகியோ புடைத்தோ இருந்தால் மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் மொபெட்டுகளை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் பெட்ரோல் ஆவியாகி ஆயில் மட்டும் பிசின் போலக் காக்கிலும் ஜெட்டிலும் தங்கும். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் காக்கை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை இஞ்சினை ஓட விட வேண்டும்.

ஜாக்கிரதை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, தள்ளியிருக்கும் அடுப்பையும் எட்டும். எனவே மாட்டுக் கொட்டகையிலோ, வைக்கோல் போர் அருகிலோ, மோட்டார் ஸ்டார்ட்டர் உள்ள அறையிலோ இந்த வேலையைச் செய்யக் கூடாது. பீடி, சிகரெட் ஆகாது. பேட்டரி உள்ள வண்டியில் அதன் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

டியூபில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுவது உயிருக்கே ஆபத்து. அது நுரையீரலுக்குள் போனால் மூச்சுத் திணறல் வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். குடிநீர்ப் பாட்டிலில் பெட்ரோலை ஊற்றி வைப்பதும் வேண்டாம். குழந்தைகள் தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடக்கூடும். சோதனைக்குப் பிடித்த பெட்ரோலையும் உடனே டேங்கிலோ, கேனிலோ ஊற்றிவிட வேண்டும்.

இரவில் காக்கை மூடுவது, மாதம் ஒருமுறை அடிக்கிண்ணத்தைக் கழுவுவது, மழைக்காலத்தில் டேங்கை நிரப்பி வைப்பது ஆகிய மூன்றையும் வழக்கமாக்கிக்கொண்டால் இக்கோளாறுகளில் பெரும்பாலானவை வாராமல் தடுக்கலாம். இதே வகைக் காக், பெட்ரோலில் ஓடும் சிறிய பம்ப்செட்டுகளிலும் விசைத் தெளிப்பான்களிலும் உண்டு. மேற்கண்ட சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும். ஒரு வாஷரையும் ஒரு முழம் பெட்ரோல் டியூபையும் வண்டிப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பது நலம்.